ஃபார்மேட் அடிப்பது பழுதுபார்ப்பு அல்ல

"எக்ஸ்டர்னலை மாட்டினேன், சிஸ்டம் ஆன் ஆகலை" என்று யார் போய் நின்றாலும், ஜமுனாமரத்தூர் கடைத்தெரு முதல் சென்னை ரிச்சி தெரு வரை கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ஓ.எஸ். போயிடுச்சு, ஃபார்மேட் அடிச்சிடலாம்." அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்துவிட்டால் கூடவே இன்னொரு தீர்ப்பும் வரும்: "ரெண்டு ஓ.எஸ். இருந்தா இப்படித்தான். லினக்ஸைத் தூக்கிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக்கோங்க." இந்த இரண்டு தீர்ப்புகளும் தவறு. பெரும்பாலான நேரங்களில் ஓ.எஸ். எங்கேயும் போயிருக்காது, லினக்ஸும் குற்றவாளி இல்லை. ஆனாலும் ஃபார்மேட் நடக்கிறது, கோப்புகள் அழிகின்றன. அழித்தவரும் இழந்தவரும் அதை வேலை முடிந்த கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஜவ்வாது மலையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007-ல் வெளியிட்டது. ஆக, மலையில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த முதல் கணினியே இரட்டை பூட் கணினி. அக்காவிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து சித்தப்பா பையனுக்கு என்று அவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இடம் நிறைந்ததும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டுகிறார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது. ஓ.எஸ். போட போளூருக்கோ திருப்பத்தூருக்கோ மலை இறங்க வேண்டிய ஊர்களில் இந்தத் தவறான வைத்தியத்தின் விலை அதிகம்.

எதிர்த்தரப்பு வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மேட் அடித்து ஓ.எஸ். போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் லேப்டாப் கைக்கு வந்துவிடும், முடிவும் தெரிந்த முடிவு. காரணம் தேடி உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் ஆகலாம்; அந்த மூன்று மணி நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். "கண்டுபிடித்ததற்கு" கூலி கேட்டால் சண்டைக்கு வருவார்கள், "ஓ.எஸ். போட்டதற்கு" கேட்டால் தருவார்கள். வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்து தொலையும். முக்கியமான படங்களும் சான்றிதழ்களும் இப்போது எல்லோருக்கும் போனில் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைக்குக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரியாது. இவை கடைக்காரர்கள் சொல்லும் காரணங்கள். சோம்பேறித்தனம் என்று இவற்றை நான் ஒதுக்கவில்லை. கூலி பற்றிய வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட "பழுது ஓ.எஸ்.ஸில் இருக்கிறது" என்பதற்கான ஆதாரம் ஆகாது. ஃபார்மேட் வசதியானது என்பதற்கான காரணங்கள் மட்டுமே.

1. பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டார்களா?

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் எழுந்திருப்பதில்லை. முதலில் எழுவது மதர்போர்டில் இருக்கும் பயாஸ்; புதிய கணினிகளில் யூஇஎஃப்ஐ. எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது என்று அதனிடம் ஒரு வரிசை இருக்கிறது. பழைய பயாஸ் கணினி, வரிசையில் முதலில் நிற்கும் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. முத்திரை சரியாக இருந்தால் பயாஸ் மேற்கொண்டு கேள்வி கேட்காது. அந்த நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

சிக்கல் இங்கேதான். படமும் பாட்டும் மட்டும் வைத்திருக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் அந்த 2 பைட் முத்திரை இருக்கும், ஏனென்றால் பார்ட்டிஷன் பிரித்த டிஸ்க் எல்லாவற்றிலும் அது எழுதப்படும். வரிசையில் யூஎஸ்பி முதலில் இருந்தால் பயாஸ் அந்த டிஸ்க்கை நம்பிப் போகும். அங்கே ஓ.எஸ். கிடையாது. "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று வரும், அல்லது ஒரு சின்னக் கோடு இடதுபக்க மூலையில் மின்னிக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் விண்டோஸும் லினக்ஸும் ஒரு பைட் குறையாமல் அப்படியே இருக்கின்றன. அவற்றை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பவரைத் தட்டினால் எழுந்துவிடும்.

"நேற்று வரை நன்றாகத்தானே வந்தது, வரிசையை யாரும் மாற்றவில்லையே" என்று கேட்பவர்களுக்கு: பழைய லேப்டாப்களில் பயாஸ் அமைப்புகளைக் காத்து வைப்பது மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி. அது தீர்ந்துபோனால் வரிசை பழைய நிலைக்குத் திரும்பும், கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னால் போகும். மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் பெட்டியில் கிடந்த லேப்டாப்பில் தேதியைப் பாருங்கள், காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

2. ஃபார்மேட் அடித்தால் இது சரியாகுமா?

ஆகாது. பூட் வரிசை இருப்பது மதர்போர்டில். சி டிரைவை நூறு முறை ஃபார்மேட் அடித்தாலும் அந்த வரிசையில் ஒரு எழுத்து மாறாது. புதிய ஓ.எஸ். போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய், அதே எக்ஸ்டர்னலை அதே ஓட்டையில் மாட்டி ஆன் செய்தால் அதே கறுப்புத் திரை வரும். கடையில் சரியாகிவிட்டதுபோல் தெரிந்ததற்குக் காரணம், அங்கே எக்ஸ்டர்னலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார்கள். சரிசெய்தது கழற்றியது, பெயர் வாங்கியது ஃபார்மேட்.

கழற்றாமல் வேலை செய்தால் நிலைமை இன்னும் மோசம். எக்ஸ்டர்னல் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் நிறுவினால், கணினி முதல் டிஸ்க்காகக் கருதுவதில் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை வைத்துவிட வாய்ப்பு உண்டு. விண்டோஸ் உள் டிஸ்க்கில், அதை எழுப்பும் கோப்புகள் வெளி டிஸ்க்கில் என்று பிரிந்துவிடும். அதன்பிறகு எக்ஸ்டர்னலைக் கழற்றினால்தான் லேப்டாப் எழாது. முன்பு இல்லாத நோயை வைத்தியமே கொண்டுவந்து சேர்க்கிறது.

அதைவிடவும் பெரிய ஆபத்து, தவறான டிஸ்க்கை அழிப்பது. விண்டோஸ் நிறுவும் திரையில் டிஸ்க்குகளுக்கு ஊர் பேர் கிடையாது. "டிரைவ் 0 பார்ட்டிஷன் 2", "டிரைவ் 1 பார்ட்டிஷன் 1" என்று வரிசையாக நிற்கும். உள்ளேயும் 500 ஜிபி, வெளியேயும் 500 ஜிபி என்றால் எது எது என்று அந்தத் திரையைப் பார்த்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. லினக்ஸ் பார்ட்டிஷன்களை விண்டோஸால் படிக்க முடியாது என்பதால் அவை ஏதோ கேட்பாரற்ற இடம்போலத் தெரியும். டெலீட் அழுத்த ஒரு நொடி போதும்.

3. எல்லாக் கறுப்புத் திரையும் ஒன்றா?

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் தீர்ப்பு எழுதுவதுதான் இந்த நம்பிக்கையின் அடிப்படைக் கோளாறு. ஒவ்வொரு வாசகமும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறது.

அடிக்கடி வரும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அண்ணன் கல்லூரியில் கற்றுக்கொண்டு வந்து, வீட்டு லேப்டாப்பில் எக்ஸ்டர்னலை மாட்டி அதில் லினக்ஸ் நிறுவுகிறான். நன்றாக ஓடுகிறது. விடுமுறை முடிந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விடுகிறான். மறுநாள் தங்கை லேப்டாப்பைத் திறக்கிறாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: "எரர்: நோ சச் டிவைஸ்", அதன்பின் 36 எழுத்து நீளத்துக்கு எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு அடையாளம், கீழே "க்ரப் ரெஸ்க்யூ>". பயந்துபோய்க் கடைக்குக் கொண்டுபோனால், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்கிறார்கள்.

எதுவும் போகவில்லை. லினக்ஸ் நிறுவும்போது க்ரப் பூட்லோடரின் முதல் துண்டு உள் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் எழுதப்பட்டது. மீதி முழுவதும் வெளி டிஸ்க்கில் இருந்தது. அந்த 36 எழுத்துதான் மீதி இருக்கும் பார்ட்டிஷனின் அடையாளம். டிஸ்க் விடுதிக்குப் போய்விட்டதால் முதல் துண்டு அதைத் தேடித் தவிக்கிறது. எது காணவில்லை என்பதைத் திரை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் மீட்புப் பென் டிரைவில் பூட் செய்து பூட்ரெக் கட்டளையால் முதல் 512 பைட்டின் நிரல் பகுதியை மட்டும் திரும்ப எழுதினால் தங்கையின் விண்டோஸ் எழுந்துவிடும். யூஇஎஃப்ஐ கணினியானால் அந்த வேலைகூட வேண்டாம். உபுண்டுவின் நிறுவி, வெளி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் பூட் கோப்பை உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே எழுதிவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அப்படி நடந்திருந்தாலும் விண்டோஸின் சொந்த பூட் கோப்பு பக்கத்திலேயே இருக்கும். ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது அந்தக் கம்பெனியின் பூட் மெனு விசையைத் தட்டி "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இன்னொரு வகை: எக்ஸ்டர்னல் மாட்டியிருந்தால் லினக்ஸ் எழுகிறது, கழற்றினால் ஒன்றரை நிமிடம் "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்" என்று எண்ணிக்கொண்டு நின்று, பிறகு எமர்ஜென்சி மோடில் விழுகிறது. எழும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் யாரோ அந்த டிஸ்க்கின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அது வரும்வரை கணினி 90 நொடி காத்திருக்கிறது. அந்த வரியில் "நோஃபெயில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் முடிந்தது. ஒரு சொல்லால் தீர்வதற்கு முழு டிஸ்க்கை அழிக்கிறார்கள்.

பெரிய கம்பெனியின் அப்டேட்டே பூட்டை உடைத்த சம்பவமும் உண்டு. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், இரட்டை பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸை எழவிடாமல் தடுத்தது. திரையில் "எஸ்பேட்" சோதனை தோற்றது என்று வந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் நுழைந்து, அந்த எஸ்பேட் கொள்கையை நீக்கிவிட்டுச் செக்யூர் பூட்டை மீண்டும் இயக்குவதே அப்போது வழியாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் முழுத் தீர்வு கொடுத்தது 2025 மே மாதத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் லினக்ஸ் கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள், நல்ல நிலையில் இருந்ததை அழித்தார்கள்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. யூஎஸ்பி 2.0 ஓட்டை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சுழலும் டிஸ்க் முதல் சுற்றுக்கு அதிகம் கேட்கும். தேய்ந்த கேபிள், பேட்டரி செத்த லேப்டாப் என்றால் டிஸ்க் "டிக் டிக்" என்று தட்டிவிட்டு நின்றுவிடும், பயாஸ் அதற்காகக் காத்துக்கிடக்கும். கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டிய இடத்தில் ஃபார்மேட் என்ன செய்யும்?

4. அழிந்தது என்ன என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

"எல்லாம் போனில் இருக்கு" என்பது நகரத்துக் கணக்கு. சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போக வேண்டிய ஊர்களில் கிளவுடில் ஏற்றி வைத்திருப்பவர் குறைவு. இங்கே எக்ஸ்டர்னல் டிஸ்க்குதான் பீரோ. பழங்குடியினர் சாதிச் சான்றிதழின் ஸ்கேன், 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட எடுத்த நிலத்தின் படங்கள், ஆசிரியர் சேர்த்து வைத்த பாடங்கள், காட்டோரம் கிடக்கும் நடுகற்களின் புகைப்படங்கள், கூத்துப் பதிவுகள். கூத்து ஆடிய வாத்தியார் இறந்துபோயிருந்தால் அந்தப் பதிவை யாரிடம் போய் மறுபடி வாங்குவது?

இந்த அழிப்புக்குத் தூண்டுவது சில நேரம் கணினியேதான். லினக்ஸ் பார்ட்டிஷன் உள்ள டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் ஒரு பெட்டி வரும்: இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா? "என்னால் இதைப் படிக்க முடியவில்லை" என்பதை விண்டோஸ் அந்த வார்த்தைகளில் சொல்கிறது. கணினியே சொல்லிவிட்டது என்று நம்பி ஓகே அழுத்துகிறார்கள். விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மேட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியத்தை எழுதிவிடும்; அதற்குப் பின் எந்த மீட்பு மென்பொருளும் உதவாது. க்விக் ஃபார்மேட்டானால் டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவிகளால் ஓரளவு மீட்கலாம், ஆனால் அதன்மேல் விண்டோஸ் நிறுவினால் ஏறத்தாழ 20 ஜிபி பழைய தரவு மறையும். அரசு கொடுத்த லேப்டாப்பில் முறையான உரிமத்தோடு இருந்த விண்டோஸ் போய், பல இடங்களில் கள்ளப் பதிப்பு உட்காருகிறது. பாஸ் லினக்ஸ் தடமே இல்லாமல் போகிறது.

அழிக்காமல் வைத்திருப்பதன் மதிப்புக்கு உதாரணம் இதே மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வை அங்கே பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கியது. யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்றாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். உலகின் வேறு இடங்களில் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டபோதுதான் அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையம் என்று தெளிவானது. முதல் விளக்கம் மாறியது. பதிவு பத்திரமாக இருந்ததால்தான் அது மாற முடிந்தது. கணினிப் பழுதிலும் முதல் ஊகம் தவறாகப் போகலாம். டிஸ்க் அப்படியே இருந்தால் இரண்டாவது ஊகத்துக்கு இடமுண்டு. ஃபார்மேட் அடித்தபின் எந்த ஊகத்துக்கும் இடமில்லை, அடுத்த முறை இதே பழுது வந்தால் காரணமும் தெரியாது.

5. இரண்டு ஓ.எஸ். இருப்பதா குற்றம்?

விண்டோஸ் மட்டும் இருக்கும் கணினியும் எக்ஸ்டர்னல் மாட்டினால் நிற்கும். முதல் பகுதியில் சொன்ன பூட் வரிசைக்கு லினக்ஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 2019-ல் விண்டோஸ் 10-இன் மே மாத அப்டேட்டை மைக்ரோசாஃப்டே, யூஎஸ்பி டிஸ்க்கோ எஸ்டி கார்டோ மாட்டியிருந்த கணினிகளில் ஏறவிடாமல் தடுத்து வைத்தது. டிரைவ் எழுத்துகள் தவறாக மாறிவிடலாம் என்பதே காரணம். அவர்கள் சொன்ன தற்காலிகத் தீர்வு: டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். ஒற்றை ஓ.எஸ். கணினிகளுக்கும் அதே தீர்வுதான் சொல்லப்பட்டது.

இரட்டை பூட்டில் கூடுதல் சிக்கல்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் செய்த பிறகும் அதன் பார்ட்டிஷன் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸால் அதில் எழுத முடியாமல் போகும். அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டால் தீரும். மறுபக்கம் பாருங்கள்: ஒரு ஓ.எஸ். எழாதபோது இன்னொன்றில் நுழைந்து கோப்புகளைக் காப்பாற்றும் வசதி இரட்டை பூட் கணினிக்குள்ளேயே உண்டு. லினக்ஸால் விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்க முடியும். அதைத் தூக்கிவிடச் சொல்கிறவர்கள், கெட்டுப்போனால் கைகொடுப்பதையே தூக்கச் சொல்கிறார்கள்.

6. நேரமும் கூலியும்?

கேபிளைப் பிடுங்கிப் பார்க்க அரை நிமிடம். பூட் மெனுவைப் பார்க்க ஒரு நிமிடம். ஃபார்மேட் அடித்து, ஓ.எஸ். போட்டு, இணையம் மெதுவான ஊரில் டிரைவர்களை இறக்கி, பிரிண்டரைச் சேர்த்து முடிப்பதற்கு முழு நாள் போகும். மலை இறங்கி ஏறும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் தனி. நோயைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு என்பதை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும். அந்தப் பழக்கம் வராதவரை கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஃபார்மேட் தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், மீட்கக்கூடியதை மீட்டபின் ஃபார்மேட் அடிக்கலாம். ஃபைல் சிஸ்டம் எஃப்எஸ்சிகே, செக்டிஸ்க் என்ற சரிபார்ப்புக் கருவிகள் இரண்டுக்கும் அடங்காமல் சிதைந்திருந்தால், நகல் எடுத்தபின் அடிக்கலாம். டிஸ்க்கே தேய்ந்து பழுதான செக்டார்கள் பெருகியிருந்தால் ஃபார்மேட் அதைக் குணமாக்காது. டிடிரெஸ்க்யூ கொண்டு நகல் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்ற வேண்டும். மூன்றிலும் நகல்தான் முதலில் வருகிறது. எதுவும் பார்க்காமல், எதையும் நகல் எடுக்காமல் முதல் பத்து நிமிடத்தில் அடிக்கப்படும் ஃபார்மேட்டுக்குத்தான் இவ்வளவு மறுப்பும்.

கடை வைத்திருக்கும் தம்பிகளிடம் கேட்பது இதுதான்: எக்ஸ்டர்னலைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள், திரையில் வரும் வாசகத்தைப் போனில் படம் எடுங்கள், பென் டிரைவில் ஒரு லைவ் லினக்ஸ் வைத்திருந்து அதில் பூட் செய்து கோப்புகள் இருக்கின்றனவா என்று வாடிக்கையாளருக்கு முன்பாகவே திறந்து காட்டுங்கள். அதற்குக் கூலி கேளுங்கள். பள்ளிகளுக்கு: லேப்டாப் கொடுக்கும் அன்றே பூட் மெனு விசை எது என்று அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள். லேப்டாப்பைக் கடையில் கொடுக்கப்போகும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்: "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் அடிக்காதீங்க."